அலையில் கால் நனைத்ததை ஊருக்குச் சொல்லக் கூடாதா?

"கடலுக்குப் போனமா, கால நனைச்சமா, வந்தமான்னு இருக்கோணும். அத எதுக்குங்க படம் புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டோணும்?"

மே மாத லீவிலும் தீபாவளி லீவிலும் கோயமுத்தூர்ப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. கல்யாண மண்டபத்துப் பந்தியில் கேட்கலாம், பேக்கரி வாசலில் டீ குடிக்கும்போது கேட்கலாம். கொஞ்சம் மெருகேறி, பட்டிமன்ற மேடையிலும் வார இதழ்ப் பக்கங்களிலும் இதே கேள்வி வருகிறது. வீட்டில் சமைத்ததை, மாடித் தோட்டத்தில் காய்த்ததை, பிள்ளையின் பிறந்தநாளை, ராமேஸ்வரத்தில் குளித்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ஃபேஸ்புக்கிலும் போடுகிறவர்கள் வேறு வேலையற்றவர்கள், பெருமை அடித்துக்கொள்பவர்கள் என்பது படித்தவரும் படிக்காதவரும் சேர்ந்து எழுதிய தீர்ப்பாகிவிட்டது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அது தவறு. யார் தலையில் போய் விழுகிறது என்று பார்த்தால் அநியாயமும்கூட.

எல்லார் தலையிலும் அது விழுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் இயந்திரக் கண்காட்சிக்குப் போன முதலாளி, முடித்த கையோடு சுவிட்சர்லாந்து பனிமலையில் நின்று படம் போட்டால் "வாழ்த்துகள் சார்" என்று வரிசையாக வந்து விழும். யாரும் அவரைப் பார்த்து வேலையற்றவர் என்று சொல்வதில்லை. அவர் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் திருச்செந்தூர்க் கடலில் நின்ற படத்தைப் போட்டால்தான், "வாங்கற சம்பளத்துக்கு இது வேறயா?" என்று பேச்சு கிளம்புகிறது. படம் ஒன்றேதான், கடலும் கடல்தான். நிற்பவர் யார் என்பதுதான் தீர்ப்பை மாற்றுகிறது.

எங்கள் வீதியில் குடியிருக்கும் ஒரு பெண்ணும் அப்படித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறவர். திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்கு எழுந்திருப்பது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க. போன தீபாவளி லீவில் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனார்கள். மறுநாள் அவருடைய ஸ்டேட்டஸைப் பார்த்தேன். முதல் படம், வேனை ஓரம் கட்டிவிட்டுப் புளியமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தக்காளிச் சாதம், வறுத்த மோர்மிளகாய், நியூஸ்பேப்பரில் கொட்டிய சிப்ஸ். அடுத்தது கோபுரம். மூன்றாவது ஒரு சின்ன வீடியோ. அவருடைய அம்மா, அறுபதைத் தாண்டியவர், சேலையை ஒரு கையால் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அலை வருகிறது. பின்வாங்காமல் நின்று, கடைசி நொடியில் ஒரு கூச்சல் போட்டு மகளின் கையைப் பிடிக்கிறார். வீடியோ ஆடிப்போய் மணலைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கீழே எழுதியிருந்தது: "அம்மா மொதத் தடவ கடல் பாக்கறாங்க."

இதில் எங்கே இருக்கிறது தற்பெருமை? வயசு முழுக்கக் காட்டிலும் மேட்டிலும் பாடுபட்ட ஒருத்தி கடலைப் பார்த்துவிட்டாள். மகள் கூட்டிப் போனாள். அதைத் தனக்குத் தெரிந்த நாலு பேருக்குச் சொல்கிறாள். மாலையில் மளிகைக் கடைத் திண்ணையில் இதைப் பற்றி நடந்த பேச்சு, "கடன ஒடன வாங்கிட்டு டூரு போறாளுக, அதையும் போட்டுக் காட்டறாளுக" என்பதுதான். சொன்னவர் நல்ல மனுஷர். ஆனால் இந்தப் பேச்சு எவ்வளவு கொடூரமானது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரே அப்படித்தானே பேசுகிறது.

கொங்குநாட்டுக்குக் கடல் கிடையாது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று எந்த மாவட்டத்தை எடுத்தாலும் கரை இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனால் கொச்சிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். தென்கிழக்கே திருச்செந்தூரும் ராமேஸ்வரமும் கிட்டத்தட்ட ஓர் இரவுப் பயணம். அதனால் இங்கே பெரும்பாலானவர்களின் முதல் கடல், சாமி கும்பிடப் போன இடத்துக் கடல்தான். ஆறுபடை வீடு பஸ்ஸில் போனபோது பார்த்தது, அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் குளித்தபோது பார்த்தது, கன்னியாகுமரியில் சூரிய உதயத்துக்காக எழுப்பிவிட்டபோது பார்த்தது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை 2017இல் தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கொங்குக் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சென்னைக்காரருக்கு மெரினா சாயங்காலம் காற்று வாங்கும் இடம். பல்லடத்துத் தறிக்காரருக்குக் கடல் வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை வரும் சம்பவம். அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்?

போய் வந்ததைச் சொல்வது இங்கே புதுப் பழக்கமும் அல்ல. பழனிக்குப் பாதயாத்திரை போனவர் பஞ்சாமிர்தத்தை வீடு வீடாகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வருத்தப்படுவார்கள். சபரிமலைக்குப் போனவர் அரவணை கொண்டுவருவார். திருச்செந்தூர் போனவர் பனங்கற்கண்டும் பிள்ளைகளுக்குச் சோழியும் வாங்கிவருவார். வாங்கிவந்ததைக் கொடுக்கும்போது கூட்டம் எப்படி இருந்தது, எங்கே தங்கினார்கள், யார் தொலைந்துபோய்க் கிடைத்தார்கள் என்று அரை மணி நேரம் கதை நடக்கும். போனவர் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் "என்ன பெரிய இவுங்களாட்ட" என்று பேசுவார்கள். இன்று பக்கத்து வீட்டுக்காரர் ஷிப்டில் இருக்கிறார், அக்கா ஓசூரில் இருக்கிறாள், சித்தி மகன் துபாயில். திண்ணையில் உட்கார்ந்து கேட்க யாரும் இல்லாதபோது கதை செல்போனுக்குப் போயிருக்கிறது. போனதும் நல்லதுதான். ஓசூர் அக்கா பஞ்சாமிர்தம் சாப்பிட முடியாது, ஆனால் அம்மா அலைக்குப் பயந்து கத்தியதைப் பார்த்துச் சிரிக்க முடியும்.

பயண அனுபவத்தை எழுதி அச்சில் ஏற்றியவர்களைத் தமிழர்கள் கொண்டாடியிருக்கிறார்கள். 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ.கே. செட்டியாரை மதிக்கிறோம். ஜப்பான் போய்வந்து 'உதய சூரியன்' எழுதிய தி. ஜானகிராமனை இன்றும் படிக்கிறோம். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' பயணத் தொடரை, எந்த ஊரில் என்ன சாப்பிட்டார், யார் வீட்டில் தங்கினார் என்பதுவரை வாராவாரம் காத்திருந்து படித்த வீடுகள் உண்டு. கோயமுத்தூரிலேயே ஜி.டி. நாயுடு இருந்தார். உலகம் சுற்றியவர், போன இடமெல்லாம் கேமராவோடு போனவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை லண்டனில் நின்று தாமே படமெடுத்தவர். அவிநாசி சாலையில் அவர் பெயரிலுள்ள காட்சிக்கூடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போகிறோம். சரியான காரியம், கூட்டிப் போகத்தான் வேண்டும். இவர்கள் செய்ததற்குப் பெயர் ஆவணம். செக்கிங் வேலைப் பெண் செய்தால் மட்டும் அதற்குப் பெயர் விளம்பரமா? "அவுங்களும் இவுங்களும் ஒண்ணா?" என்று உடனே கேட்பார்கள். எழுத்துத் திறத்தில் ஒன்றல்ல. கண்டதைத் தன்னவர்களோடு பகிர வேண்டும் என்ற உரிமையில் இம்மிகூட வித்தியாசம் இல்லை.

சாதாரண ஆளின் அன்றாடத்துக்கு மதிப்பில்லை என்பவர்கள் ஒருமுறை கொடுமணலுக்குப் போய்வர வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பெயர் சொல்லப்படும் ஊர் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கே 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் மணி செய்த தடயங்களும், இரும்பு உருக்கிய தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும் கிடைத்தன. அந்த ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள்தான். ஆதன் என்று முடியும் பெயர்கள், இன்னும் பல. அரசன் வெட்டிய கல்வெட்டு அல்ல. பானைக்குச் சொந்தக்காரர் தன் பானையில் கீறிவைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடலுக்கும் கொங்குக்கும் இடையே வியாபாரம் நடந்த அந்தக் காலத்தில், இங்கே எழுத்து அரண்மனைக்குள் மட்டும் இல்லை, வேலை செய்யும் மக்கள் கையிலும் இருந்தது என்று சொல்ல ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய சான்று அந்தக் கீறல்கள்தான். அன்றைக்கும் யாராவது ஒரு பெரியவர், "பானையில எதுக்கு பேரெழுதிக்கிட்டு?" என்று கேட்டிருப்பார்.

பிற்கால வரலாற்றில் இந்த வட்டாரத்து உழைப்பாளிகளின் முகம் எவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. மில் வைத்தவர்களின் எண்ணெய்ச் சாயப் படங்கள் மண்டபங்களில் தொங்குகின்றன. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டுடியோவும் பக்ஷிராஜாவும் வந்தன. இந்த ஊர் படம் காட்டியது, படம் எடுத்தது. ஷிப்ட் முடிந்து தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பிறர் முகத்தை மணிக்கணக்கில் பார்த்த மில் தொழிலாளிக்குத் தன் முகம் பதிவாக வாய்ப்பு என்ன இருந்தது? கல்யாணத்தன்று ஒரு படம். செத்த பிறகு, அதே படத்திலிருந்து தலையை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டிய இன்னொரு படம். அவர் சிரித்ததை, சோம்பல் முறித்ததை, பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்ததை யாரும் எடுக்கவில்லை. ஓய்வாக இருந்த ஒரு நாளின் படம்கூட இல்லாமல் அந்தத் தலைமுறை போய்விட்டது. இன்று அவர் பேத்தி கடற்கரையில் நின்று தன் படத்தைத் தானே எடுக்கிறாள் என்றால், பெரிய கணக்கு ஒன்று நேராகிறது என்றே நான் நினைக்கிறேன்.

அவளுக்கும் அது சும்மா கிடைக்கவில்லை. 'சுமங்கலித் திட்டம்' என்று இந்தப் பகுதி நூற்பாலைகளில் பல வருடம் நடந்ததை மறந்துவிட முடியுமா? வறண்ட மாவட்டங்களிலிருந்து பதின்ம வயதுப் பெண்களைக் கூட்டிவந்து மில் வளாகத்து ஹாஸ்டலில் வைத்து, மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்றார்கள். பல இடங்களில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. வெளியே போனால் வார்டன் துணையோடுதான். வீட்டுக்குப் பேசவும் முறை வைத்தார்கள். தொழிலாளர் அமைப்புகளும் ஆய்வாளர்களும் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் கையில் செல்போன் இருப்பதும், அதில் தன் முகத்தைத் தான் நினைத்தபோது எடுத்துத் தன் ஆட்களுக்கு அனுப்புவதும் எவ்வளவு பெரிய விடுதலை என்று புரிய வேண்டுமானால், அந்த ஹாஸ்டலில் இருந்து வந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

இங்கேதான் பொள்ளாச்சியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்ததும் அந்தக் கொடுமை வெளியே வந்தது. பெண்களிடம் நட்பாகப் பழகி வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைப் படமெடுத்து மிரட்டிய கூட்டம். அதற்குப் பிறகு கொங்குநாட்டு வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொன்ன புத்திமதி என்ன? "அம்மணி, போட்டோ கீட்டோ எதுவும் போடாத." அண்ணன்மார் தங்கைகளின் போனை வாங்கி ஃபேஸ்புக் கணக்கை அழித்தார்கள். பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து "ஒரு பொண்ணைச் சம்மதமில்லாமல் தொட்டாலும் படமெடுத்தாலும் வீட்டுப் படி ஏறாதே" என்று சொன்ன வீடுகள் எத்தனை இருக்கும்? அந்தப் பெண்கள் தங்கள் படத்தைப் போட்டதால் அது நடக்கவில்லை. அவர்கள் எடுக்கச் சொல்லாத படத்தை வேறொருவன் எடுத்ததுதான் குற்றம். புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியே சொன்னது எந்தச் சமூக வலைதளம்? காவல்துறை அதிகாரி செய்தியாளர்களிடம் சொன்னார், அரசாணையிலும் அச்சாகி வந்தது. அதற்காக அரசு அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை ஒன்பது ஆண்களுக்கு என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதிவிட்டது. ஊர் எழுதிய தீர்ப்போ இன்னும் எல்லாப் பெண்களின் போன் மேலும் நிற்கிறது.

எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் இன்னொருவர் படத்தைப் போடக் கூடாது. விவரம் தெரியாத குழந்தையைக் குளிப்பாட்டும் படத்தை ஊர் பார்க்க வைப்பது தவறு. வீடு பூட்டிக் கிடக்கும்போதே பயணப் படத்தைப் போடாமல் திரும்பி வந்து போடுவது நல்லது. ரயில் பாதையிலும் பாறை நுனியிலும் நின்று செல்ஃபி எடுப்பது உயிரோடு விளையாடுவது. இவையெல்லாம் சாலையில் போகும்போது கவனம் தேவை என்பதைப் போன்றவை. சாலையில் போகவே கூடாது என்பதற்கு இவை வாதம் ஆகாது.

"கண்ணால பாக்கறத உட்டுட்டு போன் வழியாப் பாக்கறாங்க, அனுபவமே போச்சு" என்பது இன்னொரு வாதம். படித்தவர்கள் விரும்பிச் சொல்வது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வேன் டூரில் போகிறவர்களுக்குக் கடலோரம் கிடைப்பது அரை மணி நேரம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார், அடுத்த கோயில் நடை சாத்துவதற்குள் போக வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம். அந்த அரை மணியை மூன்று நிமிட வீடியோவாகக் கையில் கொண்டுவந்தால், டீ இடைவேளையில் கம்பெனி வாசலில் நின்று பத்துத் தரம் பார்க்கலாம். நினைத்தபோதெல்லாம் கடலுக்குப் போகக்கூடியவர்தான் கேமராவை மூடி வைத்துவிட்டு ரசிக்கச் சொல்லி உபதேசம் செய்ய முடியும்.

இந்தப் படங்கள் பொறாமையைக் கிளப்புகின்றன என்ற குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அடுத்தவர் படத்தைப் பார்த்து ஏக்கம் வரும், ஏக்கத்தில் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. சமூக வலைதளக் கம்பெனிகள் நம் ஏக்கத்தை வைத்துத்தான் காசு பார்க்கின்றன என்பதும் உண்மை. ஆனால் ஏக்கத்தை உண்டாக்குவது செக்கிங் பெண்ணின் தக்காளிச் சாதமா? ரிசார்ட் விளம்பரமும், நூறு பவுன் நகைக்கடை விளம்பரமும், சினிமாக்காரர் வீட்டுக் கல்யாணமும்தான். அவற்றையெல்லாம் கேள்வி கேட்காமல் பார்த்துவிட்டு, தன்னைப் போன்ற ஒருத்தி சந்தோஷமாக இருப்பதைக் கண்டதும் ஒழுக்கம் பேசுவது நேர்மையாகாது.

சொந்த ஆர்வங்களைப் பகிர்வதற்கும் இதே ஏச்சு உண்டு. காலையில் சிங்காநல்லூர்க் குளத்துக்குப் போய்ப் பறவை பார்த்துப் படத்தோடு பட்டியல் போடுகிறவர்களை வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றார்கள். அந்தக் குளத்தை 2017இல் மாநகராட்சி பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததில், அங்கே என்னென்ன இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக் குறித்துவைத்தவர்களின் பங்கு இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்கள், அதை அறிவியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்தப் பயனைக் காட்டி மன்னிப்பு வாங்க நான் வரவில்லை. மாடியில் காய்த்த முதல் சுரைக்காயைப் படமெடுத்துப் போடுகிறவருக்கு அறிவியல் சாட்சி எதுவும் தேவையில்லை. அவருக்குச் சந்தோஷம், அவர் ஆட்களுக்கும் சந்தோஷம், அது போதும்.

"உழைப்பாளி ஊர்" என்று நம்மை நாமே சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை அதிகம். உழைப்புக்கு மரியாதை செய்வது என்பது உழைத்தவர் உட்கார்ந்து இளைப்பாறுவதைப் பார்த்து முகம் சுளிப்பதா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிவைத்தார்கள். ஆனால் பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு மிஷின் நின்றால் காசு இல்லை, லீவு என்றால் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும். அம்மாவுக்குக் கடல் காட்டுவதற்கு அந்தப் பெண் கொடுத்த விலை, வேன் வாடகையோடு சேர்த்து, போன கூலியும்தான். மீட்டர்கேஜ் காலத்தில் பொள்ளாச்சி, பழனி வழியாக ராமேஸ்வரத்துக்கு ஓடிய ரயிலைத் திரும்பக் கேட்டு மனுக்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தப் பெண்ணை ஏசுவதை விட்டுவிட்டு, அந்த ரயில் வேண்டும் என்று கேட்கலாம், தீபாவளி லீவுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்கலாம். சமூக வலைதளத்தால் நன்மையா தீமையா என்று வருடா வருடம் வழக்காடும் பட்டிமன்றங்கள், பனியன் கம்பெனித் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கிறதா இல்லையா என்று ஒரு தலைப்பு வைக்கட்டும். பேசுவதற்கு அந்தச் செக்கிங் வேலைப் பெண்ணைக் கூப்பிடட்டும். தான் சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்குத் தெரியும்.